ஒரு சுங்குடிச் சேலை, ஆறு கத்தரிக்கோல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டிக்கொள்வதற்குச் சுங்குடி எப்படி என்று தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. அதை மதுரைக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சித்திரை வெயிலில் உடம்பில் கிடப்பதே தெரியாத துணி அது. நான் எழுதப்போவது அதை வெட்டுவதைப் பற்றி. துண்டு துண்டாக வெட்டி, மறுபடி சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்து குவில்ட் ஆக்கினால் அது தாங்குமா, சாயம் நிற்குமா, கொடுத்த காசுக்குத் தகுமா என்பதுதான் கேள்வி. ஒரு சேலை, 1,450 ரூபாய், மூன்று மாதம், ஆறு பெண்கள். இத்தனையும் செலவழித்த பிறகு எழுதுகிறேன்.

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் 31 ஆண்டுகள் மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். எதையும் எடை பார்க்காமல், அளக்காமல், தேதி எழுதி ஒட்டாமல் எடுத்துவைக்க எனக்கு வராது. துணியும் அப்படித்தான். வாங்கிய அன்றே ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி நோட்டில் ஒட்டி, பக்கத்தில் விலை, எடை, நீள அகலம் எல்லாவற்றையும் குறித்துவிடுவேன். வீட்டில் இதற்காகக் கேலி செய்பவர்கள்தான், சட்டையில் சாயம் ஏறிவிட்டால் அந்த நோட்டைத் தேடிக்கொண்டு வருகிறார்கள்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்கள் கூட்டம். இடம் கணக்கு டீச்சர் வீட்டு மாடியறை. ஆறடி மேசை, இரண்டு தையல் இயந்திரம், ஓர் இஸ்திரிப் பெட்டி, நாலு மணிக்குச் சுக்குக் காப்பி. டீச்சர், டீச்சரின் மருமகள், வங்கியில் வேலை பார்ப்பதால் கேஷியர் என்று பெயர் வாங்கியவர், 74 வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசி கோக்கும் திருநகர் அக்கா, திருமலை நாயக்கர் மகாலுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற மகால் தங்கச்சி, நான். ஆண்டுக்கு ஒரு முறை எங்களுக்குள் துணிப் பந்தயம் உண்டு. போன ஆண்டு, வீட்டில் யாருக்குமே பிடிக்காத துணி ஒன்றை ஆளுக்கொன்று கொண்டுவந்து சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எனக்கு விழுந்தது கிளி போட்ட ஆரஞ்சுத் திரைச்சீலை. அதில் நான் செய்ததைப் பார்த்து டீச்சர், "கிளி பாவம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இந்த ஆண்டு விதியை டீச்சர் மாற்றினார். எல்லோருக்கும் ஒரே துணி. ஒரே சேலையை ஆறாக வெட்டிப் பங்கு போடுவது. மேல்பரப்பில் பாதிக்குக் குறையாமல் அந்தத் துணி கண்ணில் படவேண்டும். கூடச் சேர்க்க இரண்டு துணிதான், அதுவும் வீட்டில் இருப்பதாக இருக்கவேண்டும், புதிதாக வாங்கக்கூடாது. அளவு 36 அங்குலச் சதுரம். முடிகிறவரை யாரும் யாருக்கும் காட்டக்கூடாது. தோற்றவருக்குத் தண்டனை கிடையாது. ஜெயித்தவருக்கு அடுத்த குவில்ட்டுக்கான நடுப்பஞ்சை மற்ற ஐந்து பேரும் சேர்ந்து வாங்கித் தரவேண்டும். சேலை வாங்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அளப்பவள் நான்தானே.

கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஒரு கடை. பெயர் வேண்டாம். அரக்குச் சிவப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, இரண்டு பக்கமும் நான்கு அங்குல ஜரிகைக் கரை. விற்பனையாளர் விரித்துப் போட்டு, "கையால் கட்டியதம்மா, ஒவ்வொரு புள்ளியும் விரலால் முடிந்தது" என்றார். நான் நம்பினேன். நம்பியதற்குக் காரணம் நிறம். அந்த அரக்கைப் பார்த்த பிறகு புள்ளியை எவள் பார்ப்பாள்? 1,450 ரூபாயைக் கொடுத்துவிட்டு, நல்ல பேரம் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து எடை போட்டேன்: 560 கிராம். நீளம் ரவிக்கைத் துணியோடு 6.30 மீட்டர். ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரில் கல் உப்புப் போட்டு ஊறவைத்தேன். இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். என் மாமியார் அப்படிச் செய்வார், அவருடைய மாமியாரும் அப்படித்தான் செய்திருப்பார். முதல் தண்ணீர் பீட்ரூட் சாறு போல வந்தது. இரண்டாவது ரோஜா நிறம். ஐந்தாவது தண்ணீரில் என் விரல் நகம் தெளிவாகத் தெரிந்தது. போதும் என்று பிழிந்து நிழலில் காயப்போட்டேன். காய்ந்த பிறகு 524 கிராம். ஆக 36 கிராம் கஞ்சிக்கும் உதிர்ந்த சாயத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறேன். நீளம் 6.19 மீட்டராகக் குறைந்திருந்தது. இந்த ஐந்தாவது வாளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது என்னைத் தலைகுனிய வைத்தது.

ஞாயிறன்று மேசை மேல் விரித்தோம். எல்லோரும் நிறத்தைக் கொண்டாடிக்கொண்டிருக்க, மகால் தங்கச்சி மட்டும் குனிந்து, துணியில் மூக்கு படுகிற அளவுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். சௌராஷ்டிரக் குடும்பம் அவளுடையது. குஜராத்துப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக இடம்பெயர்ந்து மதுரைக்கு வந்து, சுங்குடியை மதுரையின் துணியாக்கிய சமூகம். அவளுடைய பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக் கூலி வாங்கியவர்.

"அக்கா, இது கட்டியது இல்லை" என்றாள். "மெழுகு அச்சு."

மரக்கட்டையால் மெழுகுப் புள்ளி வைத்துச் சாயத்தில் முக்குவது அது; மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். எப்படித் தெரியும் என்று கேட்டோம். ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தாள். அதன் வலது ஓரம் கொஞ்சம் சிதைந்து, பிறை போல இருந்தது. அங்கிருந்து சாண் அளந்துகொண்டே போய் இன்னொரு புள்ளியில் நிறுத்தினாள். அதற்கும் வலது ஓரத்தில் அதே பிறை. அப்புறம் இன்னொன்று. பிறை விழுந்த புள்ளிகளுக்கு நடுவே டீச்சர் அளவுநாடாவை வைத்தார். ஏழரை அங்குலம், ஏழரை அங்குலம், ஏழரை அங்குலம். மரக்கட்டையில் ஒரு பல் உடைந்திருந்திருக்கிறது; கட்டையை எத்தனை முறை வைத்து எடுத்தார்களோ அத்தனை முறை அந்த உடைசலும் துணியில் பதிந்திருக்கிறது.

பிறகு கைப்பையிலிருந்து மஸ்லினில் சுற்றிய ஒரு துண்டை எடுத்தாள். பாட்டியின் சேலையில் மிஞ்சியது. அதைப் பார்த்த பிறகு நான் வாங்கியதன் மேல் என் மரியாதை பாதியாகிவிட்டது. கட்டிய சுங்குடியில் புள்ளி என்பது புள்ளியே இல்லை, வளையம். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றுவார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது; அது வெள்ளை வளையமாக நிற்கும். நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி சாயம் குடித்துவிடும். அது வளையத்தின் நடுவில் ஒரு கடுகாக உட்கார்ந்திருக்கும். எந்த இரண்டு வளையமும் ஒன்றுபோல இல்லை. ஒன்று நீள்வட்டம், ஒன்று கோணல் சதுரம், ஒன்று பாதியில் நழுவிப்போனது. விரலால் தடவினால் முடிச்சு அவிழ்த்த இடமெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளமாகத் தட்டுப்படும். அத்தனை ஆண்டு ஆகியும் அந்தக் கொப்புளம் போகவில்லை.

வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நடுவில் கடுகு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஓரங்கள் கோணலாகவும் இருந்தால், கட்டியது. நடுவில் வெறும் வெள்ளையாக, ஒரே அளவாக இருந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிந்தால் மெழுகு. பின்பக்கம் வெளிறியிருந்தால் அது வெறும் ஸ்கிரீன் அச்சு. அதைச் சுங்குடி என்று சொல்வதே அதிகம். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கடைக்காரர் நாக்குக்குக் கடிவாளம் போடவில்லை.

மெழுகு அச்சு மட்டமானது என்று நான் சொல்லவில்லை. திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டியில் அந்த வேலையை நேர்த்தியாகவே செய்கிறார்கள், அதுவும் கைவேலைதான். மெழுகை மெழுகு என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால் போதும். எழுநூறு, எண்ணூறுக்குக் கிடைக்கவேண்டியதற்கு நான் 1,450 கொடுத்தேன். திரும்பப் போய்க் கேட்கலாம் என்றார் கேஷியர். துவைத்த சேலையை எந்த முகத்தோடு கொண்டுபோவது?

வெட்டுவதற்கு முன் சீட்டுக் குலுக்கினோம். எவர்சில்வர் டம்ளரில் ஆறு சீட்டு. ஆளுக்கு 1.03 மீட்டர். முந்தானை கேஷியருக்கு விழுந்தது, ரவிக்கைத் துணிப்பக்கம் டீச்சருக்கு. மற்றவர்களுக்கு உடம்புத் துணி. முதல் வெட்டைப் போடும்போது மகால் தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அச்சுத்துணிதான் என்று அவளேதான் சொன்னாள். இருந்தாலும் திரும்பிக்கொண்டாள்.

இனி துணியின் குணம்.

மெலிது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 72 கிராம் வருகிறது என் கணக்கில். குவில்ட் தைப்பதற்கென்றே அமெரிக்காவில் விற்கும் பருத்தி இதைப்போல இரண்டு மடங்கு கனம். அந்தத் துணியை வைத்து எழுதிய அளவுகளை அப்படியே சுங்குடிக்குப் போட்டால் தொல்லைதான். துணி குறுக்கே இழுபடுகிறது. நேராக வெட்டிய சதுரம் இயந்திரத்துக்கு அடியில் போகும்போது சாய்சதுரமாகி வெளியே வருகிறது. முதல் வாரம் நான்கு கட்டங்களைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். பிறகுதான் வெட்கத்தைவிட்டு வடித்த கஞ்சியை எடுத்தேன். ஆமாம், துவைத்து வெளியேற்றிய கஞ்சியை நானே மறுபடி போட்டேன். நீர்த்த கஞ்சியில் முக்கி, முக்கால் காய்ச்சலில் இஸ்திரி போட்டால் துணி காகிதம் மாதிரி நிற்கிறது. அதற்குப் பிறகு எந்தக் கட்டமும் கோணவில்லை. கேஷியர் கஞ்சிக்குப் பதில் பின்னால் ஃப்யூசிங், அதாவது இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் விறைப்புத் துணி, ஒட்டினார். நிற்கிறது, மறுப்பதற்கில்லை, ஆனால் சுங்குடியின் உயிரே அதன் தொளதொளப்பில்தான் இருக்கிறது. ஃப்யூசிங் ஒட்டிய சுங்குடி சட்டைக் காலர் போல விறைத்துக்கொள்கிறது.

ஊசியை மாற்றுங்கள். தையல்காரர்கள் வழக்கமாகப் போட்டுவைக்கும் 16-ஆம் நம்பர் ஊசி இதில் ஓட்டையாகப் போட்டுக்கொண்டு போகும். 11-ஆம் நம்பர் போட்டால் தையல் துணிக்குள் அமுங்கிவிடுகிறது. தையல் விளிம்புக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், விடுவது குவில்ட்டில் எல்லோரும் செய்வது. சுங்குடிக்கு அது போதாது. ஓரம் பிரிகிற துணி. இரண்டு துவைப்பில் விளிம்பு தின்றுபோய்த் தையல் கையோடு வந்துவிடும். மூன்று நூல் விடுங்கள். கட்டம் கொஞ்சம் சிறுக்கும், சிறுக்கட்டும்.

அடுத்தது இஸ்திரி. இங்கே இரண்டு விபத்து, இரண்டுக்கும் நான் பதில் சொல்லவேண்டும். என் சொந்தத் துண்டைப் பருத்திச் சூட்டில் வைத்துத் தேய்த்தபோது பெட்டியின் அடியில் பிசுக்கென்று ஏதோ ஒட்டியது. துணியில் எண்ணெய்க் கறை போல ஒரு திட்டு. மெழுகு. சாயம் போட்ட பிறகு கொதிநீரில் மெழுகை எடுப்பார்கள்; இந்தச் சேலையில் சரியாக எடுக்கவில்லை, பச்சைத் தண்ணீரில் ஐந்து வாளி அலசிய நானும் எடுக்கவில்லை. பழைய செய்தித்தாளை மேலும் கீழும் வைத்துத் தேய்த்து மெழுகைத் தாளுக்கு ஏற்றினேன். இரண்டாவது விபத்து கேஷியர் வீட்டில். முந்தானையின் ஜரிகை அந்தச் சூட்டைத் தாங்காமல் சுருண்டு, வறுத்த அப்பளம் போல ஆகிவிட்டது. இப்போதைய ஜரிகை பெரும்பாலும் மினுக்குப் பூசிய பாலியஸ்டர். கரைக்குப் பட்டுச் சூடு, உடம்புக்குப் பருத்திச் சூடு என்று பெட்டியைத் திருகிக்கொண்டே இருக்கவேண்டும். இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். காட்டக்கூடாது என்ற விதியால் பேச்சும் நின்றுபோயிருந்தது.

நான் தைத்தது லாக் கேபின். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி விறகு அடுக்கியது போலப் பட்டை. ஜரிகைக் கரையைப் பட்டையாக வெட்டிப்போட்டால் அழகாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அழகாகத்தான் இருந்தது. மூன்று ஊசி ஒடிந்தது. ஜரிகை நூல் ஊசி முனையை மழுக்கிவிடுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஊசி மாற்றுபவர்கள் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள். நடுப்பஞ்சுக்குப் பதில் என் கணவரின் பழைய வேட்டி இரண்டு மடிப்பு. கடையில் விற்கிற பாலியஸ்டர் பஞ்சை வைத்து மதுரையில் யார் போர்த்திக்கொள்வது? பழஞ்சேலையும் பழைய வேட்டியும் அடுக்கித் தைத்துக் குழந்தையைப் படுக்கவைத்த ஊர் இது. வேட்டி வைத்தால் மெலிந்த சுங்குடியோடு சேர்ந்து வளைகிறது, கைத்தையலுக்கும் ஊசி வெண்ணெயில் போவது போலப் போகிறது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விளிம்பு கட்ட வேண்டிய நாடாவும் நூலும் வாங்கக் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். முன்பு கோயிலுக்கு எதிரே புது மண்டபத்துத் தூண்களுக்கு அடியில் இயந்திரம் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்களை இப்போது இந்தச் சத்திரத்தில் பார்க்கலாம். ஒருவர் என் கட்டத்தை வாங்கிப் பார்த்து, "இத்தனை சின்னதாக வெட்டி மறுபடி ஏனம்மா சேர்க்கிறீர்கள்?" என்று கேட்டார். முப்பது வருடம் தைத்தவரிடம் இதற்கு என்ன பதில் சொல்வது? சும்மாதான் என்றேன். நூலுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டார், இரக்கத்தில்.

மூன்றாம் மாத ஞாயிறு. ஆறு பேரும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், பரீட்சைத் தாள் வாங்க வந்த பிள்ளைகள் போல.

டீச்சரின் மருமகள் முதலில் எடுத்தாள். குவில்ட் இல்லை, ஹாட் பாக்ஸுக்கு ஓர் உறை. அலுவலக வேலை, நேரம் கிடைக்கவில்லை அத்தை, என்றாள் மாமியாரிடம். உறை நன்றாகத்தான் இருந்தது. இட்லி இரண்டு மணி நேரம் சூடாக இருக்கிறதாம். விதிப்படி அவள் போட்டியிலேயே இல்லை, ஆனால் அன்று எங்களுக்குச் சூடான இட்லி கிடைத்தது அவளால்தான்.

கேஷியர் முந்தானையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, கரிந்த ஜரிகையை மறைக்கும் இடமெல்லாம் கறுப்புத் துணியைச் சதுரமாக வைத்திருந்தார். மறைத்தது தெரியாது, அவரே சொன்னதால் தெரிந்தது.

டீச்சர் மடித்த துணியைப் பிரிக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு பிரித்தார். முக்கோணங்கள் சேர்ந்த நட்சத்திரம், பதினாறு. ஒவ்வொரு முனையும் ஊசிமுனை. ஒரு மயிரிழை பிசகவில்லை. பின்னணி வெள்ளை காடா என்று நினைவு, ஆனால் மேசைமேல் கிடந்தது ரோஸ். சீரான ரோஸாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் வெள்ளை, நடுவில் மேகம் மேகமாக.

"வெந்நீரில் ஒரு முறை அலசினேன்" என்றார். "நீங்கள்தான் சாயம் போகிறவரை அலசியாகிவிட்டது என்றீர்கள்."

சொன்னேன். பச்சைத் தண்ணீரில் தெளிந்த ஐந்தாவது வாளியைப் பார்த்துச் சொன்னேன். ஒட்டாமல் நிற்கும் சாயத்தை வெளியே கொண்டுவருவது வெந்நீரும் சோப்பும்தான். உப்பு, சாயம் ஏற்றும்போது தொட்டியில் உதவும். நம் வீட்டு வாளியில் அது சாயத்தைப் பிடித்துவைக்காது. மருந்தகத்தில் ஆயுள் முழுதும் நின்றவளுக்கு இது தெரியாதா? தெரியும். மாமியார் செய்ததைச் செய்தேன். டீச்சர் பெரிய மனது உள்ளவர், "ரோஸும் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். இல்லை, நன்றாக இல்லை.

அன்றே வீட்டுக்கு வந்து மிச்சத் துண்டில் 30 சென்டிமீட்டர்ச் சதுரம் வெட்டி வெந்நீர், சோப்பு, அரை மணி நேரம். தண்ணீர் மறுபடி சிவந்தது. கூடப் போட்ட வெள்ளைக் கைக்குட்டைத் துண்டும் சிவந்தது. நான்காவது வெந்நீரில்தான் புதுக் கைக்குட்டை வெள்ளையாகவே வெளியே வந்தது. சதுரம் நீளவாக்கில் 29 ஆகச் சுருங்கியிருந்தது. மெழுகும் போய்விட்டது. ஆகவே, கண்ணால் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளைத் துணித் துண்டை உள்ளே போட்டு, அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த ஒரு வரியை மூன்று மாதம் முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருந்தால், டீச்சரின் பதினாறு நட்சத்திரமும் வெள்ளை வானத்தில் நின்றிருக்கும்.

திருநகர் அக்கா செய்தது எங்கள் எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டியது, யாருக்கும் தோன்றவில்லை. புள்ளி வரிசை வரிசையாக இருக்கிறது. புள்ளியைப் பார்த்தால் என்ன செய்யவேண்டும்? கோலம் போடவேண்டும். வெள்ளைத் துணியைக் கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டி, அரை அங்குல நாடாவாக மடித்து, சேலையின் புள்ளிகளைச் சுற்றி வளைத்து வளைத்துச் சிக்குக் கோலம் போட்டிருந்தார். கிராஸாக வெட்டியதால் நாடா எந்த வளைவிலும் சுருங்காமல் திரும்புகிறது. தொடங்கிய இடம் எது, முடித்த இடம் எது என்று நான் விரலை வைத்துக்கொண்டு இரண்டு முறை சுற்றிவந்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. துணிக்கு இங்கே ஒரு பாராட்டு சொல்லவேண்டும்: கட்டை அச்சு என்பதால் புள்ளிகள் ஒரே இடைவெளியில் நின்றன. கட்டிய சுங்குடியில் இந்தக் கோலம் இவ்வளவு சீராக அமைந்திருக்காது.

கடைசியாக மகால் தங்கச்சி. அவள் வெட்டவே இல்லை. 36 அங்குலச் சதுரத்தை முழுத்துணியாக அப்படியே வைத்து, நடுப்பகுதியில் பதினெட்டுக்குப் பதினெட்டுப் புள்ளிகளை எடுத்திருந்தாள். ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும் சுற்றி ஒரு வட்டம் கைத்தையல். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் அரக்கு நூலில் ஒரே ஒரு முடிச்சு, கடுகு அளவு. 324 முடிச்சு. முடிச்சு இழுத்த இடத்தில் துணி லேசாகக் குவிந்து, கை வைத்தால் கொப்புளம் கொப்புளமாகத் தட்டுப்பட்டது. அச்சில் வார்த்தது போலிருந்த புள்ளிகள் எல்லாம் வளையமாகிவிட்டிருந்தன. உடைந்த பல்லின் பிறை விழுந்த புள்ளிகளில் மட்டும் முடிச்சைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தாள். அந்தச் சிதைவும் கைப்பிசகு போலத் தெரிந்தது.

"பாட்டி பார்த்தால் கூலி கொடுத்திருப்பார்" என்றாள்.

வாக்கெடுப்பு என்று ஒன்று வைக்கவில்லை. திருநகர் அக்காவே எழுந்து, தன் துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அவளுடையதை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டினார். நடுப்பஞ்சுக்கு ஆளுக்கு எவ்வளவு என்று கேஷியர் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

மதிப்பெண் கேட்பீர்கள். குவில்ட் துணியாக மெழுகுச் சுங்குடிக்கு ஐந்துக்கு மூன்றரை. அரை மதிப்பெண் சாயத்துக்காகக் குறைத்தேன், அரை அந்த ஜரிகைக் கரைக்காக, இன்னொரு அரை ஓரம் பிரிவதற்காக. கரையில்லாத உடம்புத் துணியாக மீட்டர் கணக்கில் கிடைத்தால் அதை வாங்குங்கள். கட்டிலுக்கு, குழந்தைக்கு, கோடைக்கு இதைவிட இதமான மேல்துணி நம் ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. தடித்த துணியோடு கலந்து தைக்காதீர்கள், சுங்குடி தோற்றுப்போகும். மல் துணி, வாயில் துணி, பழைய வேட்டி மாதிரி மெலிதான துணிகளே அதற்குக் கூட்டாளி. கட்டிய சுங்குடி கையில் கிடைத்தால் கத்தரிக்கோலைப் பீரோவில் வைத்துவிடுங்கள். எனக்கு விற்ற கடைக்கு மதிப்பெண் தரவில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுத்த கைக்கு நாலும், நாக்குக்குப் பூஜ்யமும் போட்டு சராசரி எடுத்தால் என்ன வருமோ அதுதான்.

வேறு கடையில் நேற்று ஒரு மயில்நீலம் வாங்கினேன். விற்ற பெண் தானாகவே "மெழுகு அச்சும்மா" என்றாள்; 780 ரூபாய். டீச்சருக்குப் புதுப் பங்கு தரவேண்டியிருக்கிறதே. கொல்லையில் வெந்நீர் வாளியில் ஊறுகிறது, வெள்ளைக் கைக்குட்டையோடு. மூன்றாவது வாளி. கைக்குட்டை இன்னும் நீலம்தான்.